ஆடியில் ஒரு பாத்தி கேளுங்கள்

கூட்டுத் தோட்டத்தில் சேர்ந்து காய்கறி வளர்க்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர், விதை வாங்குவதற்கு முன் பட்டத்தை, அதாவது விதைப்புப் பருவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குத் தோதான தொடக்கம் ஆடி மாதம். ஜூலை நடுவில் விதைத்த செடி வேரூன்றி நிலைத்த பிறகே ஐப்பசி அடைமழை வருவதால், அது மழையைத் தாங்கி நிற்கிறது.

பட்டத்தின் அருமையை எனக்குக் கற்பித்தது அவரைதான். எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் சேர்ந்த ஆண்டு, நான் கொடி அவரையைத் தை மாதத்தில் ஊன்றினேன். பந்தல் முழுவதும் இலை மூடியதே தவிர, ஒரு பூவும் வரவில்லை. பக்கத்துப் பாத்திக்கார அம்மா இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பகல் சுருங்கணும் தம்பி, ஆடியில போட்டாத்தான் மார்கழியில காய்க்கும்" என்றார். நாட்டுக் கொடி அவரை, பகற்பொழுது குறையும்போதுதான் பூவெடுக்கும். பல கைகள் உழைக்கும் இடத்தில் இத்தகைய அறிவு கேட்காமலே கிடைக்கிறது என்பதால், தனியாக மாடியில் தொடங்குவதைவிடக் கூட்டுத் தோட்டத்தில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் முறை நான்கடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு பாத்தி போதும். மழை நீர் தேங்காதபடி அதை அரையடி உயர்த்தி, மட்கிய தொழுவுரத்தையும் சிறிது வேப்பம்புண்ணாக்கையும் கலந்து, ஒரு வாரம் ஆறவிட வேண்டும். வெண்டை விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, ஒரு அடி இடைவெளியில், விரல் நுனி ஆழத்தில் நேரடியாக ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டு நட வேண்டும். கத்தரி, தக்காளி நாற்றுகள் ஏறத்தாழ 25 முதல் 30 நாட்களில் தயாராகிவிடும், மிளகாய்க்கு அதைவிடக் கூடுதலான நாட்கள் தேவை. பொறுமை குறைந்தவர்களுக்கு முளைக்கீரை உகந்தது: பொடி விதையை மணலுடன் கலந்து தூவினால், நான்கு வாரங்களுக்குள் பறித்துவிடலாம்.

வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் முற்றிவிடும் என்பதால், ஊருக்குச் செல்பவர் பறிக்கும் பொறுப்பைப் பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. பூசணிக்கு அதிகாலையிலேயே தோட்டத்தில் இருக்க வேண்டும். அடியில் குட்டிக் காயைத் தாங்கி நிற்பது பெண் பூ. தேனீ குறைவாக இருந்தால், ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். வெயில் ஏறிப் பூ சுருங்கிவிட்டால் அன்றைய வாய்ப்பு போய்விடும்.

மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, தை பிறந்ததும் வெள்ளரியும் மறு வெண்டையும் என்று பாத்தி அடுத்த பட்டத்துக்கு மாறும். அதற்கு முன், நன்றாகக் காய்த்த வெண்டைச் செடி ஒன்றில் இரண்டு காய்களைப் பறிக்காமல் காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி, மாதத்தையும் செடியின் பெயரையும் எழுதி, தோட்டத்தின் பொது விதை டப்பாவில் போட்டு வையுங்கள்.