கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க: எங்கள் வீட்டில் நான் செய்தது

பினாங்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடி மழைதான். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மகளுக்கு ஆன்லைன் டியூஷன், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் கரண்ட் போகும்போது நெட்டும் போவதை விட்டுவிட முடியவில்லை.

முதலில் மினி டிசி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள், அதாவது கரண்ட் போனதும் வைஃபை ரவுட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டை நேராகக் கொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி. கம்ப்யூட்டருக்கு வைக்கும் கனமான யுபிஎஸ் இந்த வேலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக ஏற்ற, அடாப்டர் அதை மறுபடி 12 வோல்ட்டாக இறக்க, இரண்டு பக்கமும் சார்ஜ் வீணாகிறது. நம் ஊர் வெக்கையில் அதன் பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட இடம். ரவுட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகினேன். போனில் வைஃபை முழுசாகக் காட்டியது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. காரணம், ஃபைபர் வயர் சுவரிலிருந்து நேராக ரவுட்டருக்கு வருவதில்லை. இடையில் சின்ன மோடம் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்கும் கரண்ட் வேண்டும். ஃபைபரில் ஓடுவது ஒளி. தெருவில் அதைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும். அதனால் வீட்டில் இந்த இரண்டு பெட்டிக்கும் உயிர் இருந்தால் பெரும்பாலும் நெட்டும் இருக்கும்.

செருகுவதற்கு முன் இரண்டு அடாப்டரையும் திருப்பி, பொடி எழுத்தில் அவுட்புட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். எங்கள் மோடம் 12 வோல்ட் 1 ஆம்பியர், ரவுட்டர் 12 வோல்ட் 1.5 ஆம்பியர். யுபிஎஸ்ஸின் 9 வோல்ட் துளையில் 12 வோல்ட் ரவுட்டரைச் செருகினால் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 9 வோல்ட் சாதனத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடலாம். பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா என்று படத்தையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எங்கள் ரவுட்டர் விளக்கு வயரைத் தொட்டாலே அணைந்து அணைந்து எரிந்தது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பிளக்கின் துளை 2.5 மில்லிமீட்டர், ரவுட்டரின் ஊசி 2.1. வெளி அளவு இரண்டுக்கும் 5.5 என்பதால் கண்ணுக்குத் தெரியாது. சரியான வயர் மாற்றியதும் விளக்கு அணைவது நின்றது.

எத்தனை மணி நேரம் தாங்கும்? யுபிஎஸ் மேல் 10,400 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கு உள்ள கணக்கு. பெருக்கினால் சுமார் 38 வாட் அவர், இழப்பு போக 32 என்று வையுங்கள். இரண்டு பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம்.

மற்ற சாமான்களுக்கு வருவோம். கரண்ட் போனதும் டிவி, ஏர்கோன், பிரிட்ஜ் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறலாம். பிரிட்ஜுக்கும் ஏர்கோனுக்கும் ஐந்து நிமிடம் பொறுங்கள், கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக வேண்டும். வோல்டேஜ் எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் வாங்கினால் எர்த் உள்ள சாக்கெட்டில்தான் செருக வேண்டும், அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் புதியது வாங்குங்கள். இடி பக்கத்தில் விழுந்தால் அதுவும் காப்பாற்றாது, மழை கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதுதான் ஒரே வழி.

பின்சேர்க்கை: தன் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் இடியில் இஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கலாம். வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில் சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கி, இஎல்சிபியை ஏற்றி, அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ கோளாறு அங்கேதான். அவர் வீட்டில் வாசல் விளக்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அந்த சுவிட்சை இறக்கியே வைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். இஎல்சிபி நெம்புகோலை டேப் ஒட்டி நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தெருவே இருட்டாக இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள்.