கார்னர் எண்ணிக்கைச் சந்தை: தளங்களை நோட்டில் எழுதி ஒப்பிடுவது எப்படி?

ஒரு கால்பந்து ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை கார்னர்? இந்தக் கேள்விக்கு விலை வைத்து வாங்கி விற்கும் தளங்கள் இப்போது பல வகை. அமெரிக்காவில் கல்ஷி, கிரிப்டோவில் ஓடும் பாலிமார்க்கெட், பிரிட்டனில் பல வருடமாக இருக்கும் பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச், ஸ்மார்க்கெட்ஸ். "இதில் எது நல்லது?" என்று கேட்பவர்கள் எல்லோரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விலையைக் கடைசியில் பார்த்தால் போதும். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம், கணக்குத் திறக்கவும் வேண்டாம்.

படி 1: உங்கள் ஊர்ச் சட்டம்

இந்தியாவில் இருந்தால் இந்தப் பயிற்சி நோட்டோடு நிற்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை முடக்கியது. விபிஎன் போட்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தளத்தின் விதியை மீறித் திறந்த கணக்கில் பணம் மாட்டிக்கொண்டால், யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

படி 2: தீர்ப்பு விதியைப் படியுங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். "ஓவர் 9.5" என்றால் 10 கார்னரோ அதற்கு மேலோ வர வேண்டும் என்று அர்த்தம். அரை கார்னர் என்று ஒன்று கிடையாது, எண்ணிக்கை சரியாக அந்தக் கோட்டில் (9.5 போன்ற எல்லை எண்ணைத்தான் கோடு என்கிறேன்) வந்து நிற்காமல் இருக்கத்தான் அந்த .5. இது எளிது. எதைக் கார்னர் என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

நோட்டில் பழக ஆரம்பித்த புதிதில் ஒரு ஆட்டத்தை விசில் முதல் விசில் வரை உட்கார்ந்து எண்ணினேன். 10 வந்தது. தளத்தில் 9 என்று முடிவு போட்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் நடுவர் கார்னர் கொடுத்தார், ஆனால் அதை அடிப்பதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டார். பல இடங்களில் விதி இதுதான்: அடித்த கார்னர் மட்டும் கணக்கு, கொடுத்து அடிக்காதது கணக்கில் வராது. விதிப் பக்கத்தில் ஒரே வரியாக அது இருந்தது, நான் படிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்கிறேன். அடித்ததா, கொடுத்ததா? மறுபடி அடிக்கச் சொன்ன கார்னர் ஒன்றா இரண்டா? நாக்அவுட் ஆட்டமென்றால் கூடுதல் நேரம் சேருமா, 90 நிமிடமும் இழப்பு நேரமும் மட்டுமா? ஆட்டம் பாதியில் நின்றால் என்ன?

அப்புறம், முடிவைச் சொல்வது யார் என்று பாருங்கள். கல்ஷியில் ஒவ்வொரு சந்தையின் விதியிலும் எந்தத் தரவை வைத்துத் தீர்ப்பார்கள் என்று எழுதியிருக்கும். பாலிமார்க்கெட்டின் வழி வேறு. பல சந்தைகளில் யாரோ ஒருவர் முடிவை முன்மொழிவார், மறுப்பதற்குச் சிறிது நேரம் உண்டு. தகராறு நீண்டால் யூஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்களின் ஓட்டுக்குப் போகும். கார்னர் போல எண்ணித் தீர்க்கும் விஷயத்தில், எந்தத் தரவு செல்லும் என்று விதியில் தெளிவாக எழுதாத சந்தையை நான் தொடுவதில்லை.

படி 3: எல்லா விலையையும் சதவீதமாக்குங்கள்

கல்ஷியிலும் பாலிமார்க்கெட்டிலும் "ஆம்" பங்கு 54 சென்ட் என்றால், நடந்தால் 1 டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். சந்தை 54% என்கிறது. பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸில் 1.85 போல விலை இருக்கும்: 1 கட்டி வென்றால், கட்டியதும் சேர்த்து 1.85 திரும்பும். 1-ஐ அதால் வகுத்தால் 0.54. இரண்டும் ஒரே விலைதான்.

படி 4: கட்டணத்தைச் சேருங்கள்

ஒரே விலை வேறு வேறாகப் பிரிவது இங்கேதான்.

ஸ்மார்க்கெட்ஸின் வழக்கமான கமிஷன் வென்ற தொகையில் 2%. 1.85-இல் லாபப் பகுதி 0.85. அதில் 2% போனால் 0.833. ஆக உங்கள் உண்மை விலை 1.833, அதாவது 54.6%. பெட்ஃபேரில் கமிஷன் நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்து மாறும். 5% என்று வைத்தால் உண்மை விலை 1.8075, அதாவது 55.3%.

கல்ஷியின் பொதுவான சூத்திரம்: 0.07 × பங்குகள் × விலை × (1 − விலை). 54 சென்டில் 100 பங்குக்கு 0.07 × 100 × 0.54 × 0.46, மேல் சென்டுக்குத் திருத்தினால் 1.74 டாலர். பங்குக்குக் கிட்டத்தட்ட 55.7 சென்ட் ஆகிறது. விலை நடுவில் இருக்கும்போது இந்தக் கட்டணம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். கார்னர் கோடுகள் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், அதனால் இது நன்றாகவே உறைக்கும். சில சந்தைகளுக்குக் கட்டணம் வேறாக இருக்கும், அதையும் பார்த்து எழுதுங்கள்.

படி 5: ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள்

எந்த விலையில் எத்தனை பங்கு வாங்க, விற்க ஆள் இருக்கிறது என்ற பட்டியல்தான் ஆர்டர் புக். ஒரு ஆட்டத்தின் வெற்றி தோல்விச் சந்தையில் புரளும் பணத்தோடு ஒப்பிட்டால் கார்னரில் இருப்பது கொஞ்சம்தான். ஒரு கற்பனைக் கணக்கு: வாங்குவோர் 51, விற்போர் 57. திரையில் நடுவிலை 54 தெரியும், ஆனால் வாங்கப் போனால் 57. அதுவும் 30 பங்கு மட்டும் இருந்து, அடுத்தது 61 என்றால், 100 பங்கின் சராசரி 59.8. கமிஷனில் ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தவர் இங்கே ஆறு சதவீதத்தை விட்டுவிடுவார். அதனால் நோட்டில் நடுவிலையை எழுதாதீர்கள். நீங்கள் நினைத்த அளவுக்குக் கிடைக்கும் சராசரி விலையை எழுதுங்கள்.

படி 6: உங்கள் சொந்த எண்

இரண்டு அணிகளின் சமீபத்திய ஆட்டங்களை வைத்து மொத்தக் கார்னர் சராசரியாக 10 என்று கணித்தீர்கள் என வைப்போம். சராசரியை வைத்து ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வாய்ப்பு சொல்லும் பாய்சான் பரவலில் போட்டால் (எக்செல்லில் அதே பெயரில் செயல்பாடு இருக்கிறது) 10-ஓ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 54.2%. கோடு 10.5 ஆனால் 41.7%. ஒரே ஒரு கார்னருக்கு இவ்வளவு வித்தியாசம்! தளத்துக்குத் தளம் கோடு மாறினால் விலையை நேராக ஒப்பிடவே கூடாது.

பழைய சராசரியை எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025-26 சீசனிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு அதற்கு மறைமுக ஃப்ரீ கிக்தான்.

சரி, இப்போது மேலே போட்ட எண்களைப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கணிப்பு 54.2. ஸ்மார்க்கெட்ஸ் 54.6, பெட்ஃபேர் 55.3, கல்ஷி 55.7. திரையில் 54 என்று பார்த்தபோது வாங்கலாம் போலத் தெரிந்தது. கட்டணம் சேர்ந்ததும் மூன்றிலும் நஷ்டக் கணக்கு, ஆர்டர் புக்கின் இடைவெளியை இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த ஆட்டத்துக்கு நோட்டில் எழுத வேண்டியது: "எந்தத் தளமும் வேண்டாம்." எனக்கு இந்த வரிதான் அடிக்கடி வருகிறது.

படி 7: இருபது ஆட்டம்

இருபது ஆட்டத்துக்கு இவற்றை நோட்டில் எழுதுங்கள்: ஆட்டம், தளம், கோடு, தீர்ப்பு விதி, கிடைக்கும் சராசரி விலை, கட்டணம் சேர்ந்த சதவீதம், உங்கள் கணிப்பு, கடைசியில் வந்த எண்ணிக்கை. ஆட்டம் தொடங்கும் முன்பே கணிப்பை எழுதிவிடுங்கள், பிறகு திருத்தாதீர்கள். இருபது ஆட்டத்தை வைத்து உங்கள் கணிப்பு சரியா என்று சொல்ல முடியாது, அதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் எந்தத் தளத்தில் விதி தெளிவாக இருக்கிறது, எதில் கட்டணம் கடிக்கிறது, எதில் ஆர்டர் புக் காலியாகக் கிடக்கிறது என்பது இருபதிலேயே தெரிந்துவிடும்.