சித்தூர் தாலுகாவுக்கு வாரிசுச் சான்று வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிய ஊர்களில் நிலமும் சொந்தமும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், கொச்சிக்குப் போகாமல் கோயம்புத்தூரில் இறங்கி வேலந்தாவளம் வழியாகப் போவது நல்லது. பயணத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். நான் எழுத வந்தது பேச்சைப் பற்றி.

அங்கே வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் காகிதங்களின் பெயர்கள் வேறு. கிரயப் பத்திரத்தை 'ஆதாரம்' என்பார்கள். பட்டா மாற்றுவது அங்கே 'போக்குவரவு'. வாரிசுச் சான்றைத் தாசில்தார் தருவதற்கு முன், வில்லேஜ் ஆபீசர் உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்து வாக்குமூலம் வாங்குவார். பிறகு அரசிதழில் அறிவிப்பு வந்து, ஆட்சேபம் சொல்ல அவகாசமும் முடிய வேண்டும். ஆகவே இரண்டு வார விடுப்பை நம்பிப் போகாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். என்னைத் தடுத்தது வேறு.

மெல்பர்னில் மாணவர்களாக ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தபோது, நீட்டிப் பேசுகிறவனை நாங்கள் 'பிளேடு' என்போம். எங்களோடு இருந்த திருச்சூர்க்காரன் அதையே 'கத்தி' என்பான். செத்துப்போன கைப்பேசி, கெட்டுப்போன கார், யாரோ ஒரு நடிகர் என எல்லாவற்றுக்கும் 'டிக்கெட் வாங்கிவிட்டது' என்று சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு எப்போது நின்றது என்று நினைவில்லை, சொல் மட்டும் நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகளில் அது என் வீட்டுத் தமிழாகி, என் ஒன்பது வயது மகளுக்கு இறப்பைக் குறிக்கும் ஒரே தமிழ்ச் சொல்லாகவும் ஆகியிருந்தது.

வாக்குமூலம் தருவதற்காக அத்தை, என் அப்பாவின் தங்கை, வெள்ளைப் பருத்திச் சேலையில் காலை பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தையிடம் அன்பாகப் பேச நினைத்த எழுத்தர், "தாத்தா போயி எத்தன வருசமாச்சு கண்ணு?" என்று தமிழிலேயே கேட்டார். தனக்கு விடை தெரிந்த மகிழ்ச்சியில் மகள், "தாத்தா டிக்கெட் வாங்கி மூணு வருஷமாச்சு" என்றாள். யாரோ சிரித்தார்கள். அத்தை மடியில் வைத்திருந்த மஞ்சள் பையை மெதுவாக மடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "உங்கப்பன் டிக்கெட் வாங்கல சாமி. டிக்கெட் வாங்காதது நீதான்."

அப்பா போனபோது நான் வரவில்லை. விடுப்பு, விசா என்று அன்று சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். அவற்றில் ஒன்றையும் அந்த வாசலில் சொல்ல முடியவில்லை.

நான்கு நாள் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மோர் வந்தது, சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஆகவே சொல்கிறேன்: பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் இறப்பு, நோய், கடன், கல்யாணம் இந்த நான்கையும் உங்கள் வீட்டில் என்ன சொல்லிப் பேசுகிறீர்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். 'தவறிவிட்டார்', 'காலமானார்' என்ற சொற்கள் அவர்கள் காதில் விழட்டும். இளவட்டங்களின் பேச்சை நான் குறை சொல்லவில்லை. ஊரில் அத்தையின் பேரனும் 'அடிபொளி' என்றுதான் பேசுகிறான். ஆனால் பாட்டியிடம் எதைப் பேசக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். என் மகளுக்கு அதை நான் சொல்லித் தரவில்லை.

ஐந்தாம் நாள் அத்தை வந்தார். "என்ற அண்ணன் தவறி மூணு வருசமாச்சுங்க" என்று எழுத்தரிடம் சொல்லிக் கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்ற மகள், "தவறி" என்று உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.