உடற்கூறும் உடலியங்கியலும் படிக்கும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து லைஃப் சயின்சஸ் என்ற உயிரியல் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். மனித உடலைப் பற்றிய பாடங்கள் 10ஆம் வகுப்பில் எலும்பும் இதயமும், 11இல் செரிமானமும் சிறுநீரகமும், 12இல் நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் இனப்பெருக்கமும் என மூன்று ஆண்டுகளில் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் மதிப்பெண் பெரும்பாலும் போவது, தெரியும் என்று நினைத்துப் பிள்ளைகள் கடந்துபோகும் இடங்களில்தான்.

முதலில் வீட்டுச் சொற்களைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இன்று ஆங்கிலமே பேசினாலும், உடம்பு என்று வந்துவிட்டால் பாட்டியின் தமிழ்ச் சொற்கள் தானாக வாயில் வந்துவிடுகின்றன. அந்தச் சொற்கள் மிகவும் இதமானவை, ஆனால் ஒரே சொல் பல உறுப்புகளைச் சுமக்கிறது. "ஊசி போட நரம்பே கிடைக்கலை" என்று பாட்டி சொல்லும்போது அவர் குறிப்பது சிரை என்ற இரத்தக் குழாயை. கால் பிசகினால் "நரம்பு சுளுக்கிடுச்சு" என்கிறார். அங்கே வலிப்பது பெரும்பாலும் மூட்டைப் பிணைக்கும் தசைநார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டுபோகும் உண்மையான நரம்பு இரண்டு இடத்திலும் பேச்சில் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணியே வளர்ந்த பிள்ளை, நரம்பின் வழியே இரத்தம் ஓடுவதாக எழுதிவிட்டால் அதில் வியப்பில்லை.

வயிறும் அப்படித்தான். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று கேட்டுப் பழகிய ஒரு மாணவி, கரு இரைப்பையில் வளர்வதாக எழுதியிருந்தாள். வயிறு என்பது உடலின் ஒரு பகுதி; இரைப்பை, குடல், கல்லீரல், கருப்பை எல்லாம் அந்தப் பகுதிக்குள் இருக்கும் தனித்தனி உறுப்புகள். ஈரல் என்ற சொல்லோ நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் பொதுவாக வருகிறது. மூன்றின் வேலையும் வேறு வேறு. பித்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பித்தப்பையே பித்தநீரைச் சுரக்கிறது என்று பெயரைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அதைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை சேமித்து, செறிவாக்கி, வேண்டும்போது வெளியிடுகிறது. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது. கொழுப்பைச் சிறு திவலைகளாக உடைத்து, கணையத்தின் நொதி வேலை செய்ய வசதி செய்து தருவதே அதன் பணி. ஒரு நோட்டில் வீட்டுச் சொல்லை ஒரு பக்கமும் அது குறிக்கக்கூடிய உறுப்புகளை எதிர்ப்பக்கமும் எழுதிவைக்கும்படி என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

அடுத்தது, பெயரை மனப்பாடம் செய்து வேலையை விட்டுவிடுவது. குளுக்ககான், கிளைகோஜன் என்ற இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுவதால் தேர்வறையில் இடம் மாறிவிடுகின்றன. குளுக்ககான் கணையம் அனுப்பும் ஹார்மோன். கிளைகோஜன் கல்லீரலிலும் தசையிலும் சேமித்துவைக்கப்படும் சர்க்கரை இருப்பு. இரத்தத்தில் குளுக்கோஸ் குறையும்போது குளுக்ககான் கல்லீரலுக்குச் சென்று, அங்குள்ள கிளைகோஜனைக் குளுக்கோஸாக மாற்றச் செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அந்தக் குழப்பம் திரும்ப வருவதில்லை. யூரிட்டரும் யூரித்ராவும் இதே வகைதான்: முன்னது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய், பின்னது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போகும் குழாய். தமனி என்றாலே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்பதும் தவறு. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. அதனால்தான் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுகிறது. படத்தில் நீல நிறம் தீட்டியிருப்பது அடையாளத்துக்காக மட்டுமே. அந்த இரத்தமும் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும்.

படத்தை மட்டுமே பார்த்துப் படிப்பது, என் எண்ணத்தில், எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. 10ஆம் வகுப்பில் ஆட்டின் இதயத்தை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு வரும்போது பின்வரிசையில் ஒதுங்கி நிற்காதீர்கள். இறைச்சிக் கடையில் வாங்கும்போது மேலே உள்ள பெரிய குழாய்களை வெட்டாமல் தரும்படி முன்பே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பெருந்தமனி எது என்று தேட வேண்டியிருக்கும். அறுப்பதற்கு முன் இதயத்தைக் கையில் எடுத்து இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்து உள்ளே அமுங்கும், அது வலது கீழறை. மற்றப் பக்கம் இறுகிக் கெட்டியாக நிற்கும், அது உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை. நேரே உங்களைப் பார்க்கும்படி வைத்தால் அதன் இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும்; புத்தகப் படங்களும் அப்படியே வரையப்பட்டவை என்பதை மறந்துதான் பலர் பெயர்களை மாற்றிக் குறிக்கிறார்கள். புரட்டாசியில் புலால் தொடாத வீடுகள் நம்மிடையே பல உண்டு. செய்முறை அந்த மாதத்தில் வந்தால் அன்று வகுப்புக்கு வராமல் இருந்துவிடுவதைவிட, ஆசிரியரிடம் முன்பே சொல்லி, அறுப்பவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வரைந்துகொள்வது நல்லது.

இதயத்தைத் துடிக்க வைப்பது மூளை என்ற தவறும் அடிக்கடி வருகிறது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கக் கேப்டவுனின் குரோட்டே ஸ்கூர் மருத்துவமனையைவிட நல்ல இடம் கிடையாது. 1967 டிசம்பர் 3 அன்று அங்கே கிறிஸ்டியான் பர்னார்ட் குழுவினர் மனிதரிடமிருந்து மனிதருக்கு முதன்முதலாக இதயத்தை மாற்றிவைத்தார்கள். எடுக்கும்போதே நரம்புகள் எல்லாம் அறுபட்டுவிடும், ஆனாலும் புதிய உடலில் அந்த இதயம் துடித்தது. அதைப் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் உயிரோடு இருந்தார். துடிப்பைத் தொடங்குவது இதயத்தின் வலது மேலறைச் சுவரிலுள்ள கணு என்ற சிறு திசுப் பகுதியே; மூளையும் ஹார்மோன்களும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன.

சிறுநீரகத்தில் பிள்ளைகள் வடிகட்டுதலோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிநீர் உண்டாகிறது, சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று என்று கேட்டால்தான் மறுஉறிஞ்சல் நினைவுக்கு வருகிறது. நல்லது எல்லாம் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, கழிவு மட்டும் வடிகிறது என்று எழுதாதீர்கள். குளுக்கோஸும் வடிந்து, பிறகு சிறுநீரகத்தின் நுண்குழாயில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதபோது சிறுநீரில் குளுக்கோஸ் தெரிவது, திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் அது வடிந்துவிடுவதால்.

தேர்வுத்தாளின் அறிவுரைகளைப் படிக்காமல் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டது. படங்களைப் பென்சிலாலும் குறிப்புப் பெயர்களை நீல அல்லது கறுப்பு மையாலும் எழுத வேண்டும் என்று மெட்ரிக் எனப்படும் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வுத் தாளில் தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. மூன்று காரணம் கேட்டால் ஐந்து எழுதிவைப்பதில் பயன் இல்லை. திருத்துபவர் முதல் மூன்றை மட்டுமே பார்ப்பார், சரியானவை நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் இருந்தாலும் கணக்கில் வராது. ஆகவே மிக உறுதியாகத் தெரிந்ததை முதலில் எழுதுங்கள். ஒப்பீட்டை அட்டவணையாகக் கேட்டிருந்தால் கோடு போட்டு அட்டவணையாகவே கொடுங்கள்.