மொத பிலிம் கேமரா வாங்கப் போறீங்களா? கையில எடுத்துப் பாத்து வாங்குங்க

பிலிம் கேமரா வாங்கணும்னு ஆசைப்படுற நெறைய பேரு மொதல்ல கேக்குறது எந்த மாடல் நல்லதுன்னுதான். என்னைக் கேட்டா மாடல் ரெண்டாவதுங்க. இப்ப கெடைக்கிற பிலிம் எஸ்எல்ஆர்ல (லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற கேமரா) பெரும்பாலானது 1970, 80கள்ல செஞ்சது, அதுலயும் நம்ம சிங்கப்பூர் ஈரக்காத்துல யாரு வீட்டு அலமாரியிலயோ பல வருஷம் மூடிக் கெடந்ததா இருக்கும், அதனால ஒரே மாடல்லயே ஒண்ணு அருமையா ஓடும் இன்னொண்ணு காசுக்குக் கேடா இருக்கும். பேரைப் பாத்து வாங்காம அந்த ஒரு பீஸை சோதிச்சு வாங்கக் கத்துக்கணும், அதைத்தான் இங்க வெவரமா சொல்லப் போறேன்.

மொதல்ல எந்த வகைன்னு முடிவு பண்ணிடுங்க. புதுசா கத்துக்குறவங்களுக்கு 35எம்எம் எஸ்எல்ஆர், கூட ஒரு 50எம்எம் லென்ஸ், இது போதும். அதுலயும் பேட்டரி இல்லாமலே ஷட்டர் (பிலிமுக்கு முன்னாடி தெறந்து மூடுற திரை) அடிக்கிற மெக்கானிக்கல் பாடியா எடுத்தா ரிப்பேரும் சுலபம். பென்டாக்ஸ் கே1000 நல்ல தொடக்கம், 1976லேருந்து 1997 வரைக்கும் செஞ்சாங்க, நெறைய கெடைக்கும். நிக்கான் எஃப்எம்2 அதைவிட ஒசத்தி, விலையும் ஒசத்தி. கேனான் ஏஇ-1 பிரபலம்தான், ஆனா அதுல 6 வோல்ட் பேட்டரி தீந்துட்டா ஷட்டரே அடிக்காது, அதை அழுத்துறப்ப கீச்சுனு சத்தம் வந்தா உள்ள எண்ணெய் காஞ்சு போச்சுன்னு அர்த்தம், சர்வீஸ் செலவு இருக்கு. ஒலிம்பஸ் ஓஎம்-1 கைக்கு அடக்கமான அழகான கேமரா, ஆனா அதோட மீட்டருக்குன்னு (வெளிச்சத்தை அளக்குறது) வந்த 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்ப விக்கிறதில்ல, மாத்து வழி தேடணும். பழசே வேணாம் வாரன்டியோட புதுசுதான் வேணும்னா 2024ல வந்த பென்டாக்ஸ் 17 இருக்கு, ஹாஃப் ஃபிரேம், அதாவது ஒரு படத்தோட எடத்துல ரெண்டு படம், 36 படம் எடுக்குற ரோல்ல 72 படம் வரும்.

எங்க போய் பாக்குறது? சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், பழைய கேமரா கடைங்க அங்க வரிசையா இருக்கு, வாங்காட்டியும் ஒரு சனிக்கிழமை போய் நாலஞ்சு கேமராவைக் கையில புடிச்சுப் பாருங்க. பழைய பொருள் வாங்கி விக்கிற கேரசல் ஆப்புல விலை கொறைவா வரும், ஆனா எம்ஆர்டி கேட்டுக்கிட்ட அவசரமா கை மாத்திட்டு ஓடாதீங்க, நல்ல வெளிச்சத்துல உக்காந்து பத்து நிமிஷம் பாக்க விடுவீங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க. விடமாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

இப்ப சோதிக்கிற விஷயம். கைபோன் டார்ச் போதும், கே1000, எஃப்எம்2க்கு ஆகுற எல்ஆர்44 பேட்டரி ரெண்டு வாங்கி பையில போட்டுக்குங்க.

லென்ஸ்லேருந்து ஆரம்பிங்க, ஏன்னா இங்க மொத எதிரி பூஞ்சைதான். லென்ஸைக் கழட்டி அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் போற ஓட்டையை, முழுசா தெறந்து (எஃப்2 இல்லன்னா எஃப்1.8, அதுல எது சின்ன நம்பரோ அது) பின்பக்கத்துலேருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமா சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க. நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சாதான் தெரியும். சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கெளை விட்டிருந்தா அது பூஞ்சை, விட்டுடுங்க, கோட்டிங்கை அரிச்சிருந்தா தொடச்சாலும் தடம் போகாது. தூசி ரெண்டு மூணு புள்ளி இருந்தா பரவால்ல, படத்துல தெரியாது. பொகை மூடுன மாதிரி மங்கலா இருந்தா அதுவும் வேணாம். அப்பர்ச்சர் பிளேடுல எண்ணெய் மினுக்குதான்னும் பாத்துடுங்க.

அடுத்தது ஷட்டர். பின்கதவைத் தெறந்து வச்சு, வேகத்தை 1 செகண்டுல வச்சு அழுத்துங்க. ஒரு முழு செகண்டு தெறந்து மூடுதா? பழைய கேமராவுல மொதல்ல சிக்குறது இந்த மெதுவான வேகங்கதான், உள்ள இருக்குற எண்ணெய் கெட்டியாகி தெறந்தபடியே நின்னுடும். அப்புறம் 1/30, 1/125, 1/500, 1/1000னு ஏத்திட்டே போங்க, தெறந்து மூடுற நேரம் கொறைஞ்சுட்டே போகணும். ஷட்டர் திரைச்சீலையில ஓட்டையோ சுருக்கமோ இருக்கான்னு பாருங்க, விரல் மட்டும் படக்கூடாது.

கதவோட ஓரத்து பள்ளத்துல கருப்பு ஃபோம் இருக்கும், தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுனா லைட் சீல் (வெளிச்சம் உள்ள புகாம தடுக்குறது) போச்சு. இதுக்காக கேமராவை ஒதுக்க வேணாம், மாத்துறது பெரிய செலவில்ல, விலையில கொறைச்சுக் கேளுங்க. பேட்டரி மூடியைத் தெறந்து பச்சையா வெள்ளையா பூத்திருந்தா மட்டும் யோசிங்க. உங்க பேட்டரியைப் போட்டு சன்னல் பக்கமும் நெழல் பக்கமும் காட்டி மீட்டர் காட்டுறது மாறுதான்னு பாத்துட்டு, கைபோன்ல லைட் மீட்டர் ஆப் போட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. கே1000ல மீட்டருக்கு ஸ்விட்சே கெடையாது, லென்ஸ் மூடி போடலைன்னா பேட்டரி தீந்துட்டே இருக்கும், அதை ஞாபகம் வச்சுக்குங்க.

பிலிமுக்கு வருவோம். வெயில்ல எடுக்க கோடாக் கோல்ட் 200 (இந்த நம்பர் கூடுனா கொறைஞ்ச வெளிச்சத்துலயும் எடுக்கலாம்). வீவக அடுக்குமாடி காரிடார், கீழ்த்தளத்துல தெறந்து கெடக்குற வாய்ட் டெக், தேக்கா மார்க்கெட் உள்பக்கம்னா 400 வேணும், கோடாக் அல்ட்ராமேக்ஸ் போதும். அவங்களோட விலை கூடுன போர்ட்ரா பிலிம் இப்போதைக்கு வேணாம். உச்சி வெயில்ல மீட்டர் இல்லாமலே 200 ரோலுக்கு எஃப்16, 1/250 வச்சா சரியா வரும். ஒண்ணு கவனிங்க, சிராங்கூன் ரோடு கடைங்க முன்னாடி கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில நிக்கிறவங்களை எடுக்குறப்ப பின்னாடி ரோட்டு வெளிச்சம் மீட்டரை ஏமாத்திடும், நம்ம ஆளுங்க மொகம் இருட்டாப் போயிடும். அதனால கிட்டப் போய் மொகத்துக்கு மட்டும் மீட்டர் பாத்து, அதே செட்டிங்கோட பின்னாடி வந்து எடுங்க. பின்னாடி ரோடு வெளுத்தா வெளுக்கட்டும், நமக்கு மொகம்தான் முக்கியம்.

ரோல் போட்டு கதவை மூடுனதும் ரீவைண்ட் கைப்பிடியை லேசா சுத்தி தொய்வை எடுத்துட்டு, லீவரை இழுத்து பிலிமை அட்வான்ஸ் பண்றப்ப அந்த ரீவைண்ட் கைப்பிடி தானா சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா பிலிம் மாட்டவே இல்ல. முடிஞ்சதும் கேமரா அடியில இருக்குற பட்டனை அழுத்தி முழுசா ரீவைண்ட் பண்ணுன பெறகுதான் கதவைத் தெறக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் தோல் பையில போட்டு மூடாதீங்க, பூஞ்சைக்கு அதைவிட நல்ல எடம் கெடையாது. சின்ன ட்ரை கேபினட் வாங்கி 40லேருந்து 50 சதவீதம் ஈரப்பதத்துல வைங்க. பட்ஜெட் இல்லன்னா காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற ஒரு ஹைக்ரோமீட்டர், இதுவும் வேலை செய்யும். அடுத்த லென்ஸுக்கு எடுத்து வச்ச பணத்தை மொதல்ல இதுக்குப் போடுங்க. பிலிமை ஃபிரிட்ஜுல வச்சிருந்தா டப்பாவோடயே வெளிய எடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தெறங்க, இல்லன்னா நீர் கோத்துக்கும்.

பிலிமைக் கழுவுற லேப்ல கலர் ரோல் கழுவுற முறையை சி-41னு சொல்லுவாங்க, கருப்பு வெள்ளைக்கு வேற கெமிக்கல், அதனால எடுக்குறாங்களான்னு கேட்டுட்டு குடுங்க. ஸ்கேன் மட்டும் வாங்கிட்டு வராம நெகட்டிவையும் கேட்டு வாங்கிடுங்க. திருச்சி, சென்னைன்னு ஊருக்குப் போறவங்க பிலிமை செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க, அந்த ஸ்கேனர் பிலிமைக் கெடுத்துடும், கைப்பைக்கு வந்திருக்குற புது சிடி ஸ்கேனரும் அப்படித்தான். ரோலை எல்லாம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில போட்டு, கையால பாத்துடுங்கன்னு மரியாதையா கேளுங்க. கேட்டும் ஒத்துக்காம போகலாம், அதனால இங்க எடுத்து முடிச்ச ரோலை கெளம்புறதுக்கு முன்னாடியே லேப்ல குடுத்துடுங்க.