கேம் திணறுகிறதா? கார்டு வாங்கப் பாண்டிக்கு பஸ் ஏறுமுன்

போன மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து அக்கா பையன் போன் செய்தான். “மாமா, கேம் திக்கித் திக்கி ஓடுது. கிராபிக்ஸ் கார்டு மாத்தப் பாண்டிக்குக் கிளம்பிட்டேன். எது வாங்கட்டும்?” பஸ் ஏறாதே, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியை எடுத்தேன். அன்று என்னென்ன பார்த்தோமோ, அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: காசில்லாமல் தீர்பவை

முதலில் மானிட்டர் ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டு இருக்க, மதர்போர்டில் சொருகிவிட்டு மாதக்கணக்கில் விளையாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் 60-லேயே விட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. டிஸ்பிளே செட்டிங்ஸில் ஒரு நிமிட வேலை.

அப்புறம் தூசி. கடலோர ஊர்களில் அது பறக்காது, உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். சூடு 95 டிகிரிப் பக்கம் போனால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்?

புரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உருட்டி வீசிக் கொடுப்பவர் பிராசசர். கல்லில் போட்டு எடுப்பவர் கிராபிக்ஸ் கார்டு. கல் எப்போதும் நிறைந்திருந்தால் பெரிய கல் வாங்கலாம். கல்லில் பாதி காலியாக இருக்கும்போது பெரிய கல் எதற்கு?

இதை அளக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். விளையாடும்போதே கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வருகிறது என்று திரை ஓரத்தில் காட்டும். கேமில் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, ஒரே இடத்தில் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் அதுதான் திணறுகிறது. 60, 70-இல் சும்மா நிற்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவு என்றால் பிராசசரையோ ராமையோ (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) சந்தேகப்படலாம். பிராசசரின் மொத்த சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே ஆறு கோர், அதாவது ஆறு வேலையாட்கள் மாதிரி, இருக்கும். ஒரு கோர் மூச்சுத் திணற, மற்றவை சும்மா இருந்தால் மொத்தம் முப்பது, நாற்பது என்றுதான் காட்டும். இன்னும் சந்தேகமா? 1080-இலிருந்து 720-க்கு ரெசல்யூஷனைக் குறையுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டு. அப்படியே இருந்தால் பிராசசர் பக்கம்.

பையனின் கம்ப்யூட்டரில் பிராசசர் ரைசன் 5 2600, கார்டு ஜிடிஎக்ஸ் 1650. கார்டு 60-க்கும் 95-க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தோம். 8 ஜிபியில் 93 சதவீதம் நிரம்பியிருந்தது. வேகம் 2133. நான்கு ஸ்லாட்டில் ஒன்றில்தான் ராம்.

படி 3: ராம்

ஆள் அகப்பட்டான். ஒற்றை ராம் ஒருவழிப் பாதை. இரண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும். அதனால் புதிதாக வாங்குபவர்கள் ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 வாங்குவது நல்லது. 2025 கடைசியில் ராம் விலை எகிறியதால் நாங்கள் பழையதைத் தூக்கிப் போடாமல் அதே ரகத்தில் இன்னொரு 8 ஜிபி தேடி வாங்கினோம்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். பையனின் பழைய ராமில் தங்க நிறப் பட்டைகள் மங்கிப் போயிருந்தன, கடற்காற்றின் வேலை. பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டதும் பளிச்சென்று ஆனது. நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் போட வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் வசதி அது. சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. இதைச் செய்யாவிட்டால் 3200 ராமும் 2133-இலோ 2400-இலோதான் ஓடும்.

படி 4: கார்டுதான் தடை என்றால்

முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். இதில் நான் சூடுபட்டவன். ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கிய புதிதில், கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் ஒயரே இல்லை. கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டரைக் கையில் கொடுத்து “ஓடும் சார்” என்றார். ஓடியது, கேமில் பெரிய சண்டை வரும் வரைக்கும். கூட்டம் திரண்டதும் கம்ப்யூட்டர் அணையும். மூன்றாம் நாள் தீய்ந்த வாசனை.

கணக்கு எளிது. மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும்; 6 பின் இன்னொரு 75, 8 பின் 150 தரும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் வேண்டும். நல்ல பெயருள்ள 550 வாட் பவர் சப்ளை இருந்தால் இதற்குத் தாராளம். அதை மாற்ற மனமில்லையா, தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள் சில உண்டு. கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் நீளம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துகொண்டும் போங்கள்.

படி 5: பிராசசர், எஸ்எஸ்டி

பிராசசர் மாற்றும் முன் சாக்கெட்டை (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்: பி450 போர்டில்கூட பயாஸ் அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம். இன்டெல்லில் 10, 11-ஆம் தலைமுறைக்கு ஒரு சாக்கெட், 12 முதல் 14 வரை வேறொன்று; பெரும்பாலும் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் கேம் சட்டென்று திறக்கும், பெரிய மேப்களில் திக்கல் குறையும். எஃப்பிஎஸ் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பையனுக்கு ராமோடு வேலை முடிந்தது. திக்கல் நின்றது, எஃப்பிஎஸ்ஸும் 60-ஐத் தாண்டியது. அவன் மானிட்டரே 60 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் வந்தாலும் கண்ணில் படாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று மெசேஜ் வந்திருக்கிறது: “மாமா, மானிட்டர் எது வாங்கட்டும்?”