வட்டம் நான்கு, மின்சாரம் ஒன்று: புது வீட்டு இண்டக்ஷன் அடுப்பு பற்றி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது இண்டக்ஷன் அடுப்பின் பளபளப்பில் மயங்காதீர்கள். அது சுவரில் எதோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடுப்பின் மேல் எத்தனை வட்டம் வரைந்திருந்தாலும், ஒரு நேரத்தில் எவ்வளவு சூடு கிடைக்கும் என்பதை அந்த இணைப்புதான் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பிரிட்டனில் சாதாரண பிளக்குக்குள் அதிகபட்சம் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். அதே வீட்டில் அடுப்புக்கென்று தனியாக இழுத்த 32 ஆம்பியர் லைன் இருந்தால் 7,360 வாட். கடையில் 7.4 கிலோவாட் என்று எழுதி விற்கும் அடுப்புகள் இந்த லைனுக்குப் பொருந்தும். ஜெர்மனியில் பல வீடுகளில் அடுப்புக்கான பெட்டிக்கு மூன்று ஃபேஸும் வந்து நிற்கும், ஒவ்வொன்றும் 16 ஆம்பியர். இண்டக்ஷன் அடுப்பு பெரும்பாலும் அதில் இரண்டை எடுத்துக்கொள்ளும். அமெரிக்கா, கனடா என்றால் சாதாரண பிளக் பாயின்டில் 120 வோல்ட், 15 ஆம்பியர். 1,800 வாட்டோடு கதை முடிந்தது. அங்கே விற்கும் ஒற்றை இண்டக்ஷன் அடுப்புகள் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். மேடையில் பதித்த நான்கு வட்ட அடுப்புக்கு 240 வோல்ட்டில் தனி லைன் வேண்டும், வழக்கமாக 40 அல்லது 50 ஆம்பியர்.

இந்த எண்கள் சமையலில் எப்படித் தெரியும்? ஐந்து லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். அடுப்பு இழுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதம் பாத்திரத்துக்குள் போனால், 1,800 வாட்டில் 18 நிமிடம் ஆகும். 3,600 வாட்டில் ஒன்பதே நிமிடம். இருவருக்குச் சமைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆறு பேர் இருக்கும் வீட்டில் தினமும் உறுத்தும்.

ஊரிலிருந்து பெட்டியில் அடுப்பு கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். ஐரோப்பாவிலும் அதே அளவு என்பதால் பிளக் மட்டும்தான் பிரச்சினை. ஆனால் விமான நிலையத்தில் விற்கும் அடாப்டரை மாட்டி 2,000 வாட் இழுக்காதீர்கள். அவற்றில் பல போன் சார்ஜருக்காகச் செய்தவை, எர்த்தும் கிடையாது. வட அமெரிக்காவுக்கு என்றால் கொண்டுவரவே வேண்டாம். 2,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி வைக்க இடம் தேடுவதைவிட அங்கேயே ஒன்று வாங்கிவிடுவது மேல்.

இனி, புதிதாக வந்தவர்களைக் குழப்பும் விஷயம். "அடுப்பு ரிப்பேர், ஒரு பக்கம் வைத்தால் இன்னொரு பக்கம் சூடு இறங்குகிறது" என்பார்கள். பெரும்பாலும் ரிப்பேர் எதுவும் இல்லை. பல அடுப்புகளில் இடது பக்கத்து இரண்டு வட்டங்களும் ஒரே மின்பலகையில் இயங்கும், வலது பக்கத்து இரண்டும் இன்னொன்றில். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 3.7 கிலோவாட்தான் ஒதுக்கீடு. இடது முன்வட்டத்தை பூஸ்ட்டில், அதாவது உச்ச சூட்டில், வைத்தால் அந்த ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். பின்னால் இருக்கும் பாத்திரத்தின் சூட்டு எண் 9இலிருந்து 4க்கோ 5க்கோ தானாக இறங்கும். சில மாடல்களில் எண் கண் சிமிட்டிக் காட்டும். சிலவற்றில் எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கும், அதுதான் கடுப்பு. தண்ணீர் கொதிக்க வைப்பது ஒரு பக்கம், வதக்குவது எதிர்ப்பக்கம் என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். பூஸ்ட் என்பதே சில நிமிட வேலைக்கானது. நேரம் முடிந்ததும் அடுப்பே அதைக் குறைத்துவிடும்.

இன்னொரு வகை அடுப்பு இன்னும் ஏமாற்றும். மேடையில் நான்கு வட்டம் இருக்கும், ஆனால் கீழே அலமாரிக்குள் அது வெறும் 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருக்கும். தனி லைன் இழுக்கும் செலவைத் தவிர்க்க நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கு வசதியான மாடல் இது. மொத்தம் 3 கிலோவாட்டுக்குள் நான்கு வட்டமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆபத்து ஒன்றுமில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தனி லைன் இருந்தும் மந்தமாக இருந்தால், பொருத்தியவர் மெனுவில் மின்வரம்பைக் குறைத்து வைத்திருக்கலாம். அந்த வரம்பு லைன் தாங்கும் அளவுக்கு ஏற்றபடி வைப்பது. கம்பியின் கனமும், சுமை கூடினால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரின் அளவும் தெரியாமல் நீங்களே ஏற்றிவிடக் கூடாது.

சில நாடுகளில் சுவரைத் தாண்டியும் ஒரு வரம்பு உண்டு. இத்தாலியில் வீட்டு மின் ஒப்பந்தம் பெரும்பாலும் 3 கிலோவாட்டுக்குத்தான். அடுப்பும் ஓவனும் வாஷிங் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் மீட்டரே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிரான்ஸிலும் 3, 6, 9 என்று படிகள் உண்டு. எந்தப் படி என்பது பில்லிலேயே இருக்கும், மேல்படிக்கு மாறினால் மாதக் கட்டணமும் ஏறும். ஜப்பானில் சுவர் பிளக் 100 வோல்ட், பதித்த அடுப்புக்கு 200 வோல்ட் தனி லைன். பல பகுதிகளில் வீட்டு ஒப்பந்தமே ஆம்பியர் கணக்கில்தான். இந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் மின் இணைப்பைப் பெயர் மாற்றும் அன்றே ஒப்பந்த அளவையும் கேட்டுவிடுங்கள்.

"பிரேக்கர் விழவில்லையே, அப்போது சரிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய வீடுகளில் இருக்கும் வகையில் 16 ஆம்பியர் பிரேக்கர் 18 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் விழாமல் தாங்கலாம். 23 ஆம்பியர் போனால்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அந்த நேரம் முழுக்கச் சூடேறுவது சுவருக்குள் இருக்கும் கம்பியும் பிளக்கின் முனையும். அதனால் கையை நம்புங்கள். அரை மணி நேரச் சமையலுக்குப் பிறகு பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடு, முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் தீயும் வாடை, இதில் எது இருந்தாலும் அந்தப் பாயின்டை விட்டுவிடுங்கள். அடிக்கடி விழுகிறது என்று பெரிய பிரேக்கர் மாட்டச் சொல்லும் நண்பர் யாராவது இருந்தால், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் போர்டில் இண்டக்ஷன் அடுப்பை மாட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்.

தனி லைன் வேண்டும் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். இங்கிலாந்தில் புதிய லைன் இழுப்பது முறைப்படி தெரிவிக்க வேண்டிய வேலை. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே சான்றிதழும் தருவார். அங்கே 2020ஆம் ஆண்டு விதிகளின்படி தனியார் வாடகை வீடுகளின் மின் இணைப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், புதிதாகக் குடிவருபவருக்கு அந்த அறிக்கையின் நகலைக் குடியேறும் முன்பே தர வேண்டும். இது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். அடுப்புக்குத் தனி லைன் இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்பதையும் அந்த அறிக்கையில் பார்க்கலாம்.

லைன் கிடைக்கும்வரை ஒற்றை அடுப்பை வைத்துச் சமாளிப்பவர்கள், கெட்டிலை அதே பிரேக்கரில் மாட்டாதீர்கள். அமெரிக்கச் சமையல் மேடைகளில் இப்போதெல்லாம் குறைந்தது இரண்டு 20 ஆம்பியர் லைன்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு லைனின் எல்லை 2,400 வாட். 1,800 வாட் அடுப்பும் 1,500 வாட் கெட்டிலும் ஒன்றில் சேர்ந்தால் பிரேக்கர் விழும், வேறு வேறு லைனில் இருந்தால் இரண்டும் நிம்மதியாக ஓடும். எந்தப் பாயின்ட் எந்த லைன் என்று தெரிய, ஒரு பிரேக்கரை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயின்டிலும் விளக்கை மாட்டிப் பாருங்கள். பிறகு பாயின்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.